பூட்டும் விரைவும்

விரைவு வேண்டுமாயின் காவலைத் தளர்த்த வேண்டும் என்னும் எண்ணம் மக்களிடையே வேரூன்றியுள்ளது. எம் லாங் பஜாரில் இவ்வெண்ணம் வீட்டு வைஃபையைப் பற்றியும் நிலவுகிறது. "கடவுச்சொல்லை எடுத்துவிடுங்கள், இணையம் பறக்கும்" என்று எம்மிடமே பலர் கூறியதுண்டு. தமிழ் கற்பிப்போர்க்கு மின்னணுவியலில் என்ன வேலை என மாணவமணிகள் வினவலாம். பொருளைச் சொல்லுள் மறைத்து வைத்தல் தமிழிலக்கணம் அறிந்த செய்தியே ஆதலின் இதனை எழுதத் துணிந்தோம்.

நன்னூலார் தகுதி வழக்கு மூன்றனுள் குழூஉக்குறியை ஒன்றாக வைத்தார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் அதற்குக் காட்டப்பெறும் சான்றுகள். குழுவினர்க்குப் பொருள் விளங்கும், புறத்தார்க்கு விளங்காது. வைஃபையின் மறையாக்கமும் இத்தகையதே. காற்றில் செல்லும் செய்தி அண்டை வீட்டையும் எட்டும். பொருள் மட்டும் எட்டாது.

ஆயின் எல்லாக் குழூஉக்குறியும் ஒரே தரத்தன அல்ல. 1997இல் வந்த 'வெப்' என்னும் முதல் பூட்டின் பலவீனத்தை 2001இல் ஃபுளூரர், மான்டின், ஷமீர் ஆகிய மூவர் வெளிப்படுத்தினர். மறைமொழியில் ஒழுங்கு எஞ்சியிருப்பின் அதனைக் கொண்டே மறையை அவிழ்க்கலாம் என்பது பழைய உண்மை. 9ஆம் நூற்றாண்டிலேயே பாக்தாத் அறிஞர் அல்கிந்தி, எழுத்துகள் பயிலும் எண்ணிக்கையைக் கொண்டு மறையெழுத்தைப் படிக்கும் முறையை எழுதி வைத்தார். வெப் வீழ்ந்தபின், பழைய கருவிகளும் தாங்கும்படி 2003இல் டி.கே.ஐ.பி. என்னும் இடைக்கால ஏற்பாடு வந்தது. 2004இல் ஏ.இ.எஸ். முறையைக் கொண்ட டபிள்யூ.பி.ஏ.2 வந்தது.

விரைவின் முடிச்சு இங்குதான் உள்ளது. 2009இல் வெளியான 'என்' வகை வைஃபையின் விதிகள், வெப், டி.கே.ஐ.பி. பூட்டுகளோடு அதன் புதிய உயர்வேகத்தைப் பயன்படுத்தலாகாது என்கின்றன. அப்பூட்டுகளை இட்டால் ரூட்டர் நொடிக்கு 54 மெகாபிட் என்னும் பழைய வேகத்திற்கு இறங்கிவிடும். அதிலும் கைக்கு வருவது பெரும்பாலும் பாதிக்கும் குறைவே. ஏ.இ.எஸ். அவ்வாறன்று. அதன் கணக்கை ரூட்டரின் சில்லே செய்துவிடுகிறது. ஒரு பொதிக்கு அது கூட்டும் சுமை 16 பைட்டு. 1,500 பைட்டுப் பொதியில் இது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு.

எம் இல்லத்தில் இதனைக் கண்கூடாகக் கண்டோம். ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலை ஒன்றின் கணக்குகளை வீட்டிலிருந்தே கவனிப்பவர் எம் தமையனார். நொடிக்கு 100 மெகாபிட்டுக்குப் பணம் கட்டியும் இருபதைத் தாண்டவில்லை எனச் சலித்து, பூட்டையே நீக்கிவிடலாம் என்றார். "சற்றுப் பொறுங்கள் அண்ணா" என்று அமைப்புப் பக்கத்தைத் திறந்து நோக்கினோம். என்றோ ஒரு பழைய மடிக்கணினிக்காக இடப்பட்ட டி.கே.ஐ.பி. அங்கே நின்றது. ஏ.இ.எஸ். என மாற்றியதும் வேகம் அறுபதைத் தொட்டது. வலிய பூட்டே விரைவையும் தந்தது.

எஞ்சிய தாமதத்திற்குப் பூட்டு காரணமன்று. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளும் கடைகளும் நிறைந்தது எம் பகுதி. 2.4 கிகாஹெர்ட்சில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என்னும் மூன்று தடங்களே. அவற்றில் அத்தனை ரூட்டர்களும் நெருங்கி நிற்கின்றன. ஆதலின் 5 கிகாஹெர்ட்சுக்கு மாறுதல் நலம். ஆனால் அது தடித்த சுவரை ஊடுருவுதல் குறைவு. ரூட்டரை நடுக்கூடத்தில் வைத்தல் வேண்டும்.

பூட்டை நீக்கியவர்க்கு நேர்வது யாது? வழிப்போக்கரும் பங்கு கொள்வதால் வேகம் மேலும் குறையும். அதனினும் கொடியது வீண்பழி. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்றுமுன் மிரட்டல் மின்னஞ்சல் ஒன்று அனுப்பப்பட்டது. அது நவி மும்பையில் வாழ்ந்த அமெரிக்கர் ஒருவரின் காப்பற்ற வைஃபை வழியே சென்றது. ஏதுமறியாத அவர் விசாரணைக்கு உள்ளானார். அடுத்த ஆண்டில் வைஃபையைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துதல் குறித்துத் தொலைத்தொடர்புத் துறை இணைய நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல் விடுத்தது. திறந்த கதவின் வழியே பிறர் செய்த குற்றத்திற்கு வீட்டுக்காரர் விடை சொல்ல நேர்வது எத்துணைத் துயரம்! பெரியோர் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த நற்பெயர் ஓர் இரவில் ஐயத்திற்கு ஆளாகலாமோ?

ஆதலின் மாணவச் செல்வங்களே, இன்று இல்லம் சென்றதும் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தை ஒருமுறை காணுங்கள். வெப், டி.கே.ஐ.பி. என்றிருப்பின் டபிள்யூ.பி.ஏ.2 – ஏ.இ.எஸ். என மாற்றுங்கள், கருவி இடந்தருமாயின் 2018இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 இன்னும் சிறப்பு. வீட்டுப் பெரியோர்க்கும் இதனை விளக்கிச் சொல்லுங்கள். காவலும் விரைவும் பகையல்ல; பழைய பூட்டுத்தான் இரண்டிற்கும் பகை.