பிறகு வந்த வரிசைகள்

அரசு இணையப் பக்கங்கள் பெரும்பாலும் அட்டவணைகளே என்பதை, தேசிய தகவலியல் மையத்தின் தமிழ்நாட்டு அலுவலகம் இயங்கும் பெசன்ட் நகர் ராஜாஜி பவன் வட்டாரத்து நிரலாளர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பயனர் மாவட்டத்தைத் தேர்ந்த பிறகே சர்வரிலிருந்து தரவு வந்து, ஜாவாஸ்கிரிப்ட் வரிசைகளை உருவாக்கிச் சேர்க்கும் அட்டவணை எங்கிருந்தாலும், அதிலுள்ள ‘திருத்து’ பொத்தான் அழுத்தியும் அசையாதிருப்பது இத்தொழிலின் பழைய வழு. உலாவி பிழைகளைக் காட்டும் பலகமான கன்சோலில் ஒரு சிவப்பு வரிகூட இராது.

லிசனர் என்பது கிளிக் நிகழ்ந்தால் ஓடவேண்டிய நிரல். அது பொருத்தப்படும் கணத்தில் பக்கத்தில் இருக்கும் உறுப்புகளையே அறியும், பிறகு வந்த வரிசைகளை அறியாது. தேடி ஒரு பொத்தானும் அகப்படாமற்போவதை உலாவி பிழையாகக் கருதுவதில்லை. அந்த மௌனமே பாதி நாளைத் தின்றுவிடுகிறது.

கிளிக், பொத்தானிலிருந்து கட்டம், வரிசை, அட்டவணை என மேலேறும்; இதுவே பப்ளிங். ஆகவே, அடுக்ககத்தில் நேற்றுக் குடிவந்தவரின் கூரியரையும் வாசல் செக்யூரிட்டி வாங்கி வைப்பதுபோல, நிலைத்திருக்கும் அட்டவணையிலேயே ஒரே லிசனரை வைத்தால் போதும்; இதற்கு டெலிகேஷன் என்று பெயர். ஜேகொயரி நூலகம் 2009இல் தந்த ‘லைவ்’ எல்லாவற்றையும் ஆவணத்தின் உச்சியிலேயே கட்டியது; அது தெரு முழுவதற்கும் ஒரே காவலரை வைத்ததற்கு ஒப்பானது. 2011இல் அதற்கு மாற்றாக ‘ஆன்’ வந்தது, 2013இல் ‘லைவ்’ நீக்கப்பட்டது.

டெலிகேஷனுக்குப் பின்னரும் ‘சில நேரம் வேலை செய்கிறது’ என்ற புகார் வந்தால், ‘நீக்கு’ பொத்தானுக்குள் இருக்கும் குப்பைத்தொட்டிப் படத்தைப் பார்க்க வேண்டும்: விளிம்பில் அழுத்தினால் கிளிக்கின் இலக்கான ‘டார்கெட்’ பொத்தானாகவும், நடுவில் அழுத்தினால் படமாகவும் அமைவதால், படத்தில் வரிசை எண்ணைத் தேடும் நிரல் வெறுங்கையோடு திரும்புகிறது. ‘க்ளோசெஸ்ட்’ கட்டளை அங்கிருந்து மேலேறிப் பொத்தானைக் கண்டுபிடித்துத் தரும்.

இயங்காத பொத்தானைவிட இருமுறை இயங்கும் பொத்தானே ஆபத்தானது. தரவைப் புதுப்பிக்கும் சார்புக்குள்ளேயே அட்டவணைக்கு லிசனரையும் பொருத்திவிட்டால், மூன்று புதுப்பிப்புக்குப் பின் ஒரே ‘நீக்கு’ மூன்று கோரிக்கைகளாகச் சர்வருக்குப் போகும். லிசனரின் முதல் வரியில் கன்சோலுக்கு ஒரு சொல்லை அச்சிட்டு எண்ணினால் இது உடனே புலப்படும். ஒருமுறை வரையறுத்த சார்பையே மீண்டும் அதே உறுப்பில் பொருத்தினால் உலாவி அதைப் புறக்கணித்துவிடும். ஆனால் பொருத்தும் இடத்திலேயே பெயரின்றி எழுதப்பட்ட சார்பை ஒவ்வொரு முறையும் புதியதாகவே கொள்ளும்.