மழைத் தண்ணீர்



கடந்த மே மாதத்தில் ஒரு வாரம் முழுவதும் மாலை ஜெபக்கூட்டத்தை நம் உபதேசியார் நடத்தினார். போதகர் எங்கே என்று கேட்டவர்களிடம், "ஒரு படகு வேலை" என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட்டேன். அது பாதி உண்மை. மீதியை இன்று எழுதுகிறேன்.

என் தகப்பனார் படகு கட்டும் தச்சர் என்பதை உங்களில் மூத்தவர்கள் அறிவீர்கள். அவருடைய இரண்டு பிள்ளைகளில் நான் இறையியல் கல்லூரிக்குப் போனேன். தம்பி உளியை எடுத்துக்கொண்டான். ஏழு ஆண்டுகளுக்கு முன் அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அதன்பின் வீட்டை விற்பதா, வைத்துக்கொள்வதா என்ற பேச்சு எழுந்தபோது, "அப்பாவின் உழைப்பைத் தின்றே வளர்ந்தவன் நீ" என்று தம்பியைப் பார்த்துச் சொன்னேன். அப்பாவோடு வெயிலில் நின்று பலகை சுமந்தவன் அவன்; விடுதியில் இருந்து படித்தவன் நான். சொன்ன கணமே அது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் திரும்பப் பெறவில்லை.

சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் தொலைபேசியில் வாழ்த்திக்கொண்டோம். கல்யாண வீடுகளில் அருகருகே அமர்ந்து சாப்பிட்டோம். பார்ப்பவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. மன்னிப்பைப் பற்றி இந்த ஏழு ஆண்டுகளில் நான் எத்தனை பிரசங்கம் செய்திருப்பேன் என்று எண்ண எனக்கு விருப்பமில்லை.

நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்க்கிற காலமும் அதுவே. நம் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரர் தம் படகின் வேலையைத் தொடங்குமுன் ஜெபிக்க வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அது அப்பா கட்டிய படகு. வேலைக்கு வந்திருப்பவன் தம்பி என்பதையும் அவரே சொன்னார். சபை அலுவல்களைக் காரணம் காட்டி இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். அதற்குமேல் காரணம் கிடைக்கவில்லை.

அப்பா அந்தப் படகின் விலாக்கால்களுக்குக் கருவேலமும், பக்கப் பலகைகளுக்கு அயனியும் போட்டிருந்தார். மேல்விளிம்பும் சுக்கான் அறையும் மட்டும் தேக்கு. தேக்கு விலை அன்றைக்கும் அதிகம்தான். எண்ணெய்ப் பசை உள்ள மரம் அது; வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் எளிதில் அசையாது. ஆனால் அதற்குள் மணல் போன்ற ஒரு சத்து உண்டு. அது உளியின் முனையைத் தின்றுவிடும். அப்பா அடிக்கடி வேலையை நிறுத்தி, சாணைக்கல்லின் முன் உட்கார்ந்துவிடுவார். அந்த ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது.

நான் போனபோது தம்பி சுக்கான் அறையின் சன்னல் அடியில் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தான். நீல வண்ணம் பளபளவென்று இருந்தது. ஜெபித்து முடித்தேன். ஏதாவது பேசவேண்டுமே என்று, "நல்லாத்தானே இருக்கு, இன்னொரு பூச்சு அடிச்சாப் போதாதா?" என்றேன். அவன் பதில் சொல்லாமல் சுத்தியலை என் கையில் கொடுத்தான். ஓரிடத்தில் தட்டினேன், கணீரென்றது. ஒரு முழம் தள்ளித் தட்டினேன். ஈரமண்ணில் தட்டியது போல மழுங்கிய சத்தம். அவன் உளியின் நுனியை வைத்து அழுத்தினான். வண்ணம் கிழிந்து, உளி கட்டைவிரல் ஆழம் உள்ளே போயிற்று.

"அலை அடிச்சு அடிச்சு உளுத்துப்போச்சு போல" என்றேன்.

"இல்லண்ணே. கடல் தண்ணி மரத்தை உளுக்க விடாது. இது மழைத் தண்ணி."

எனக்கு இது புதிது. கடலடிப் புழுக்கள் துளைப்பதும் அலைகள் மோதி உடைப்பதும் வேறு. மரம் உளுத்துப்போவது ஒருவகைப் பூஞ்சையால், அதற்கு உப்பு ஆகாது. அந்நாட்களில் வட அமெரிக்காவில் மரத்தால் மீன்பிடிக் கப்பல் கட்டியவர்கள் விலா மரங்களின் இடைவெளியில் உப்பைக் கொட்டி வைப்பார்களாம். உப்பளங்களின் ஊராகிய தூத்துக்குடியில் வளர்ந்து, மலைப்பிரசங்கத்தின் உப்பை ருசிக்காகவே பலமுறை விளக்கியவன் நான். மரத்தைக் காக்கிற உப்பை அன்றைக்குத்தான் அறிந்தேன். அலை நேரே மோதும் அணியத்துப் பலகை திடமாக நிற்கிறது. வடகிழக்குப் பருவமழையில், வண்ணத்தின் ஒரு மயிர்க்கோட்டு வெடிப்பில் இறங்கி, மூலையில் தேங்கி, வெளியேற வழியில்லாமல் கிடந்த நல்ல தண்ணீர்தான் உள்ளிருந்து தின்றிருக்கிறது. மேலே பூசிய வண்ணம் அதைக் காயவிடாமல் காத்து நின்றிருக்கிறது.

"தேக்குமா உளுக்கும்?" என்று கேட்டேன். அவன் சுரண்டிக் காட்டினான். உள்ளே பொன்னிறமான சேகு அப்படியே இருந்தது. ஓரத்தில் விட்டிருந்த வெளிறு மட்டும் தூளாயிருந்தது. "அப்பா அவசரத்துல வெட்டாம விட்டது" என்றான். குறைகூறும் தொனியில்லை, மறைக்கும் எண்ணமும் இல்லை. நான் என்றால் அப்பாவின் பெயருக்காக வேறேதோ சொல்லியிருப்பேன்.

படகுக்காரருக்கு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஃபைபர் தகடு அடித்துவிடலாம் என்ற எண்ணம். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. முக்கால் பங்கு நல்ல மரம், அதை எறிவது பாவம் என்றான். ஆட்கள் குறைவாக இருந்தார்கள். மறுநாளும் வருகிறேன் என்று நானே சொன்னேன். அப்படித்தான் ஒரு வாரம் ஆயிற்று.

உளுத்த இடத்தை வெட்டும்போது, கெட்டது முடிந்த இடத்தில் அவன் நிறுத்தவில்லை. நல்ல மரத்துக்குள்ளும் ஒரு சாண் போய்த்தான் நிறுத்தினான். பழைய பலகையோடு புதியதை முட்டவைத்து ஒட்டினால், படகு ஆடும்போது அந்தக் கோடு திறந்துவிடும். ஆகையால் இரண்டையும் சரிவாகச் சீவவேண்டும். ஒன்றரை அங்குலக் கனமுள்ள பலகைக்கு ஓர் அடி நீளச் சரிவு. பழையதும் நுனியில் தாள்போல் மெலிய வேண்டும், புதியதும் மெலிய வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று படுத்தால்தான் பழைய கனம் திரும்பும். நான் பிடித்துக்கொண்டேன், அவன் இழைத்தான். அந்தச் சரிவு அமைய ஒரு பகல் முழுவதும் சென்றது.

ஒட்டுமுன் இரு முகங்களையும் தின்னர் நனைத்த துணியால் துடைத்தான். தேக்கின் எண்ணெயே பசையைப் பிடிக்கவிடாது. எந்தக் குணம் மரத்தைக் காத்ததோ அதுவே இணைப்புக்குத் தடையாகிறது. பசை பூசியபின் நான் பிடிசட்டத்தை என் பலம் கொண்டமட்டும் முறுக்கினேன். அவன் என் கையைப் பிடித்தான். "இவ்வளவு இறுக்காதீங்கண்ணே. பசையெல்லாம் வெளிய வந்துரும்."

செபெதேயுவின் குமாரர் படவில் வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்ததாக மத்தேயு 4:21இல் வாசிக்கிறோம். அங்கே கிரேக்கத்தில் உள்ள வினைச்சொல் கதார்த்திசோ. குற்றத்தில் அகப்பட்டவனைச் சாந்தத்தோடு சீர்ப்படுத்தும்படி கலாத்தியர் 6:1இல் பவுல் எழுதும்போதும் அதே சொல்தான். முறிந்த எலும்பைப் பொருத்துவதற்கும் அக்கால மருத்துவர்கள் அச்சொல்லைப் பயன்படுத்தினார்கள். கல்லூரியில் இதைப் படித்துத் தேர்வில் எழுதியிருக்கிறேன். அந்த வசனத்தில் சீர்ப்படுத்துகிறவனாகவே என்னை எப்போதும் நிறுத்தி வந்திருக்கிறேன்.

பசை இறுக ஓர் இரவு வேண்டும். அன்று மாலை படகின் நிழலில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். ஏழு ஆண்டுகளுக்கு முன் சொன்ன வார்த்தையை அப்படியே அவனிடம் திரும்பச் சொன்னேன். அது பொய் என்றும், அன்றே எனக்குத் தெரியும் என்றும் சொன்னேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் நல்லாத்தான் இருக்கேன்னு எல்லாரும் நெனச்சுட்டாங்க. நீங்களுமா அப்படி நெனச்சீங்க?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "காலைல வந்துருங்க. பிடிசட்டத்தக் கழட்டணும்" என்றான்.

காலையில் போனேன். இணைப்பில் நகம் வைத்துப் பார்த்தேன், வரி தட்டுப்படவில்லை. வண்ணம் பூசுமுன் அவன் புதிய பலகையின் கீழ் மூலையில் விரல் நுழையுமளவு ஒரு துளை போட்டான். புது மரத்தில் எதற்குத் துளை என்று படகுக்காரர் பதறினார். தண்ணீர் போவதற்கு என்றான்.

ஜூன் 15 விடியுமுன் அந்தப் படகு கடலுக்குப் போயிற்று. வீட்டுக் காரியம் இன்னும் முடியவில்லை. அதைப் பேச வருகிற செவ்வாய்க்கிழமை தம்பி குடும்பத்தோடு போதகர் இல்லத்துக்கு வருகிறான். எங்கள் இருவருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.