பாளையங்கால் கரையில் ஒரு மாலை வகுப்பு

நெல்லைச் சந்திப்பிலிருந்து மேலப்பாளையம் செல்லும் பேருந்து தாமிரபரணியைக் கடப்பது சுலோசன முதலியார் பாலத்தின் வழியாக. கலெக்டர் அலுவலகச் சிரஸ்ததாராக இருந்த ஒருவர், மக்களிடம் வரி தண்ட மனமின்றித் தம் சொந்தச் செலவில் கட்டுவித்து 1843ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாலம் அது. சனிக்கிழமை தோறும் அஸர் தொழுதுவிட்டு அந்தப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்த மனிதரை நினைத்துக்கொள்வேன். நான் கொண்டு செல்வது ஒரு பழைய துணிப்பையும் இரண்டு சாக்குக்கட்டித் துண்டுகளுமே.

மேலப்பாளையத்தை அறியாத வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். திருநெல்வேலி மாநகராட்சியைச் சேர்ந்த, முஸ்லிம்கள் நெருங்கி வாழும் பேரூர். பாளையங்கால்வாய் ஊரைத் தொட்டு ஓடுகிறது. செவ்வாய்க்கிழமை கூடும் மாட்டுச் சந்தை சுற்றுவட்டாரம் முழுதும் பேர் பெற்றது. ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்ட ஊர். தறி ஓய்ந்த வீடுகளில் பீடித் தட்டு வந்து அமர்ந்தது. ஆண்கள் கடைவேலைக்கு வெளியூர்களுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றுவிட, பெண்களின் விரல்களே பல குடும்பங்களுக்கு உலை வைக்கின்றன.

பள்ளி ஆசிரியரான என் நண்பர் ஒருவர் நான்கு ஆண்டுகளுக்கு முன் என்னை அழைத்தார். "பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேர் இருக்கிறார்கள். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே ஒன்றேகால் மணி நேரம் உட்காருங்கள், போதும்" என்றார். மதரஸாவில் ஓதிக் கொடுப்பவன், அதோடு பி.ஏ. வரலாறு படித்தவன் என்பதால் என்னைத் தேர்ந்திருக்கிறார். ஊதியம் கிடையாது, தேநீர் உண்டு. மார்க்கத்தையும் சேர்த்துப் போதித்து இப்பிள்ளைகளைச் சீர்திருத்திவிடலாம் என்னும் எண்ணத்துடனேயே நான் போனேன். இதைச் சொல்ல இப்போது சற்று வெட்கமாயிருக்கிறது.

முதல் மாதத்திலேயே என் கர்வம் கரைந்தது. பிள்ளைகளுக்கு வேண்டியிருந்தது இருபடிச் சமன்பாடு. எனக்கோ பத்தாம் வகுப்போடு கணக்கு கைகழுவப்பட்ட ஒன்று. "எனக்குத் தெரியாது" என்று மாணவர் முன் சொல்லிப் பழக்கமில்லாத நாக்கு தடுமாறியது. எங்களோடு தொண்டாற்ற வந்த கல்லூரி மாணவர் ஒருவர் கரும்பலகையில் விளக்க, பிள்ளைகளோடு பாயில் அமர்ந்து நானும் எழுதினேன். விடை தப்பாக வந்தபோது பக்கத்துப் பையன் என் நோட்டை இழுத்துத் திருத்தினான். அன்று முதல் அவர்கள் என்னிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். அதுவரை 'புரிகிறது ஹஜ்ரத்' என்ற ஒரே பதில்தான்.

அந்தப் பையனைப் பற்றியே அதிகம் சொல்ல வேண்டும். காலாண்டுத் தேர்வுக்குப் பின் மூன்று சனிக்கிழமைகள் அவன் வரவில்லை. நான் வீடு தேடிச் சென்றேன். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்து. திண்ணையில் உம்மாவும் இரு சகோதரிகளும் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தனர். நனைத்த இலையை அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி, நூலால் கட்டுகிறார்கள். 25 பீடி சேர்ந்தால் ஒரு கட்டு. பையன் நடுவில் அமர்ந்து முதல் உலகப்போர்ப் பாடத்தை உரக்க வாசித்துக்கொண்டிருந்தான்.

என்னைக் கண்டதும் முக்காட்டைச் சரிசெய்தவாறு அந்தத் தாய் சொன்னார்: "படிக்காம இல்ல ஹஜ்ரத். இவன் வாசிச்சா எங்களுக்கும் கை ஓடுது. நேத்து சண்டை தொடங்கினது 1914ன்னான், இன்னைக்கு 1918ங்கான். எது சரி?"

எழுத்தறியாத அத்தாய் பிழையைப் பிடித்துவிட்டார்! தொடங்கியதும் முடிந்ததும் எந்த ஆண்டு என்று திண்ணையில் நின்றபடியே விளக்கினேன். வகுப்பில் இவ்வளவு கூர்மையாக என்னைக் கேட்டவர் இல்லை.

வராததன் காரணம் பிறகுதான் தெரிந்தது. வாப்பாவின் மருத்துவக் கடனுக்காகக் கேரளத்தில் ஒரு துணிக்கடையில் அவனைச் சேர்க்க ஏற்பாடாகியிருந்தது. மார்ச் வரை பொறுக்கும்படி மன்றாடினேன். உதவித்தொகைக்கு அலைந்தோம். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைக்குமான மத்திய அரசின் சிறுபான்மையினர் கல்வி உதவித்தொகை 2022இல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஒன்பதும் பத்தும் மட்டுமே மிஞ்சின. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தனி உதவியும் உண்டு. இரண்டில் எதற்கு விண்ணப்பித்தாலும் பெயரே தடையாக நின்றது. ஆதாரில் முகம்மது, வங்கிப் புத்தகத்தில் மொகமது, பள்ளிப் பதிவேட்டில் முஹம்மத்! நம் சமுதாயத்துக் குழந்தைகளுக்குப் பெயர் சூட்டும் விழாவிலேயே எழுத்தையும் முடிவு செய்து தர ஜமாஅத்துகள் முன்வந்தால் எத்தனை அலைச்சல் மிஞ்சும்! 2007இல் தமிழக அரசு வழங்கிய 3.5 விழுக்காடு இட ஒதுக்கீட்டைப் பெறக்கூடச் சான்றிதழ் சரியாக இருக்க வேண்டுமல்லவா?

நாங்கள் திருத்தி முடிப்பதற்குள் கடைசி நாள் கடந்துவிட்டது. ஜனவரியில் அவன் கேரளம் சென்றான். மற்ற பதின்மூன்று பேரும் அல்ஹம்துலில்லாஹ் தேர்ச்சி பெற்றார்கள். பாராட்டுக் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்திய நேரமெல்லாம் அந்தத் திண்ணைதான் கண்முன் நின்றது.

அவனால் என் மதரஸாவில் ஒரு மாற்றம் வந்தது. ஹிப்ழு பிள்ளைகளை இப்போது தனியே மூலையில் அமர்த்தி ஓதவிடுவதில்லை. வீட்டில் உம்மாவுக்கோ பாட்டிக்கோ ஓதிக் காட்டிவிட்டு வரச் சொல்கிறேன். சில வீடுகளில் தாய்மார்களும் உடன் ஓதத் தொடங்கியிருப்பதாகக் கேள்வி.

சென்ற நோன்புப் பெருநாளுக்கு மறுநாள், சந்திப்புப் பேருந்து நிலையத்தில் யாரோ ஸலாம் சொல்லி என் பையை வாங்கிக்கொண்டார்கள். அரும்பு மீசையோடு அவன்தான். கடன் பாதி அடைந்துவிட்டதாம்.

"சனிக்கிழமை வகுப்பு இன்னும் நடக்குதா ஹஜ்ரத்?"

"நடக்கிறது."

"தம்பி ஒன்பதாவது. அவனை அனுப்பச் சொல்லியிருக்கேன். பேரு எல்லாத்துலயும் ஒரே மாதிரி திருத்தியாச்சு." சற்றுத் தயங்கிவிட்டு, தனித்தேர்வராக எழுதும் விண்ணப்பம் எப்போது வரும் என்று கேட்டான். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன். அவனது கைப்பேசி எண்ணைத் துணிப்பையில் கிடந்த நோட்டில், இருபடிச் சமன்பாட்டுக்குக் கீழே குறித்துக்கொண்டேன்.