ஒரு தடவையா, இரண்டு தடவையா?

சோழபுரத்தில் மகள் வீட்டோடு வந்து சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. டீக்கடையில் இன்னமும் யாராவது புதிதாகக் கேட்பார்கள். "நீங்க வேதந்தான அண்ணாச்சி? வேதத்துல எது? சி.எஸ்.ஐ.யா, ஆர்.சி.யா, பெந்தெகொஸ்தேவா?"

"பாப்டிஸ்டு" என்பேன்.

"அது எந்தக் கம்பெனி?" என்று ஒருவர் கேட்டே விட்டார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இந்தப் பக்கம் சர்ச் மிஷன் சொசைட்டிக்காரர்கள் உழுத நிலம். ராக்லண்ட் என்ற பாதிரியார் 1850களில் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு வட திருநெல்வேலி முழுக்க ஊர் ஊராகப் போனவர். 1858இல் சிவகாசியிலேயே இறந்தார். அந்த வழி வந்தவர்கள் எல்லாம் 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபைக்குள் வந்துவிட்டார்கள். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் எல்லோரும் அதில் சேர்ந்தார்கள். பாப்டிஸ்டுகள் சேரவில்லை. எங்களுக்குப் பேராயர் கிடையாது, அந்தந்த ஊர்ச் சபைதான் அதற்கு ராஜா. அதோடு, கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதை நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை. விவரம் தெரிந்து, தானே விசுவாசித்து, தன் வாயால் சொன்னவனுக்குத்தான் தண்ணீர்.

டீக்கடையில் இவ்வளவும் சொல்ல முடியுமா? சிரித்துவிட்டு வந்துவிடுவேன். ஆனால் போன வாரம் என் பேரனும் கேட்டான். அவனுக்குப் பதினாலு வயது. சி.எஸ்.ஐ.யில் திடப்படுத்தல் வகுப்புக்குப் போகிறான்.

"தாத்தா, ஞானஸ்நானம் ஒரு தடவைதான்னு ஐயர் சொன்னாரு. நீங்க ஏன் ரெண்டு தடவை எடுத்தீங்க?"

நான் பாண்டிச்சேரியில் 1951இல் பிறந்தவன். எட்டாம் நாள் கோவிலுக்குத் தூக்கிப் போய் எனக்கு வைத்த பெயர் ழான் பத்தீஸ்த், அதாவது ஸ்நாபக அருளப்பர். (பிரெஞ்சில் அந்தப் பெயரின் நடுவே ஒரு 'ப்' எழுதுவார்கள், வாயால் சொல்ல மாட்டார்கள். சொல்லிவிட்டு வாத்தியாரிடம் குட்டு வாங்கியிருக்கிறேன்.) ஆக, பெயரில் பாப்டிஸ்டு, பிறப்பில் கத்தோலிக்கன். முப்பது வயது வரை அதைப் பற்றி யோசித்ததே கிடையாது. ரேஷன் கார்டு மாதிரி அதுவும் வீட்டில் இருந்தது, அவ்வளவுதான்.

1981இல் என்னை ஏனாமுக்கு மாற்றினார்கள். கோதாவரிக் கரையில், ஆந்திராவுக்கு நடுவே இருந்தாலும் பாண்டிச்சேரி அரசுக்குச் சொந்தமான ஊர். தெலுங்கு அங்கேதான் கற்றுக்கொண்டேன். இன்று ராஜபாளையம் கடைவீதியில் அது உதவுகிறது. உடன் வேலை பார்த்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் காக்கிநாடாவுக்கு பஸ் ஏறுவார். அங்கே கனடா பாப்டிஸ்டுகள் 1874இல் மிஷன் தொடங்கினார்கள். பொழுது போகாமல் நானும் கூடப் போனேன்.

ஒரு நாள் ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களைச் சபை முன்னால் நிறுத்தியிருந்தார்கள். அதில் வண்டி இழுக்கும் கூலியாள் ஒருவர். எழுதப் படிக்கத் தெரியாது. "ஏன் வேண்டும்? உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார்கள். திக்கித் திக்கிச் சொன்னார். கேட்டு முடித்துச் சபையார் கை தூக்கி ஏற்றுக்கொண்டார்கள். அவருடைய தகப்பன் பெயரை யாரும் கேட்கவில்லை. விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே தகப்பன் பெயர் கேட்கும் ஆபீஸில் உட்கார்ந்திருந்த எனக்கு அது பெரிய ஆச்சரியம். உன் கதை என்ன என்று என்னைக் கேட்டால் என்ன சொல்வேன் என்று பஸ்ஸில் யோசித்தேன். ஒன்றும் இல்லை.

ஒங்கோல் கதையையும் அங்கேதான் கேட்டேன். 1876இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் கிளவ் என்ற அமெரிக்க பாப்டிஸ்டு மிஷனரி, பக்கிங்ஹாம் கால்வாயில் மூன்றரை மைல் வெட்டும் வேலையை ஒப்பந்தம் எடுத்து ஜனங்களுக்குக் கூலி கொடுத்தார். அந்த நாளில் ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்க மறுத்துவிட்டார். சோற்றுக்காக வந்தார்கள் என்று ஆகிவிடக் கூடாது அல்லவா? நிவாரண வேலை முடிந்த பிறகும் அவர்கள் வந்தார்கள். 1878 ஜூலை 3ஆம் தேதி ஒரே நாளில் 2,222 பேர் ஆற்றில் முழுகினார்கள். எல்லோரும் எண்ணிக்கையைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அந்த மறுப்புதான் பிடித்தது.

1983இல் கோதாவரியில் நானும் முழுகினேன். லீவில் பாண்டிச்சேரி போய் அம்மாவிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"எட்டாம் நாளு உன்ன ஏந்திக்கிட்டுப் போனமே, அது என்னடா? வெறும் தண்ணியா?"

"ஆமாம்மா" என்றேன்.

வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். முப்பத்திரண்டு வயதில், புதிதாகக் கண்டுகொண்டவனுக்கு உள்ள திமிர். பிறகு அவள் என்னோடு பேசினாள்தான். ஆனால் கோவில் சம்பந்தமாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

என் மனைவியும் மாறவில்லை. அமெரிக்காவிலிருந்து வேறு சபை மிஷனரியாகக் கப்பலேறிய அதோனிராம் ஜட்சன், வழியெல்லாம் வேதத்தைப் புரட்டி, கல்கத்தாவில் 1812 செப்டம்பரில் பாப்டிஸ்டாகவே ஆகிவிட்டார். அனுப்பிய சங்கத்தின் சம்பளத்தையும் விட்டார். நீங்கள் மாறினாலும் நான் மாற மாட்டேன் என்றுதான் அவர் மனைவி ஆனும் முதலில் சொன்னாராம். கடைசியில் இருவரும் சேர்ந்தே முழுகினார்கள். எங்கள் வீட்டில் முதல் பாதி மட்டும் நடந்தது.

1984இல் மகள் பிறந்தாள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கூடாது, வளர்ந்து அவளே முடிவு செய்யட்டும் என்று ஏனாமிலிருந்து கண்டிப்பாகக் கடிதம் எழுதினேன். சரி என்று பதில் வந்தது.

2009இல் அவளுக்கு ராஜபாளையத்து மில்லில் வேலை பார்க்கும் பையனைப் பேசி முடித்தோம். அவர்கள் சி.எஸ்.ஐ.; ஞானஸ்நானச் சான்று கேட்டார்கள். என்ன சொல்வது என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, மனைவி பீரோவைத் திறந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து வைத்தாள். பாண்டிச்சேரி கோவில் சான்று. 1984ஆம் வருஷத் தேதி. ஞானத்தாய் என்ற இடத்தில் என் அம்மாவின் பெயர்.

இருபத்தைந்து வருஷம் எல்லோரும் சேர்ந்து மறைத்திருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அம்மா போய்ச் சேர்ந்து பதின்மூன்று வருஷம் ஆகியிருந்தது. மனைவியிடம் கத்தினேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "வெறும் தண்ணிதானங்க? உங்களுக்கு ஏன் கோவம் வருது?"

இன்று வரை இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவளும் 2018இல் போய்விட்டாள்.

பேரனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "எங்க கணக்குல ஒரு தடவைதான்டா. முதல் தடவை நான் தூங்கிட்டு இருந்தேன்" என்றேன். சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து, "திடப்படுத்தல்ல நானா நின்னு வாக்குக் கொடுக்கணுமாம் தாத்தா. எனக்கு அப்படி ஒண்ணும் தோணலைன்னா?" என்றான்.

"தோணலைன்னா தோணலைன்னு ஐயர்கிட்ட சொல்லு. பொய் சொல்லாத" என்றேன்.

அதை அப்படியே போய் அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டான். இரண்டு நாளாக மகள் என்னோடு சரியாகப் பேசவில்லை. "பாட்டி மாதிரி நானும் உங்களுக்குத் தெரியாம செஞ்சிருக்கணும்" என்று சமையல்கட்டிலிருந்து காதில் விழுகிற மாதிரி சொன்னாள். உடுப்பு தைக்கக் கொடுத்தாயிற்று, சொந்தக்காரர்களுக்கும் சொல்லியாயிற்று. அவள் கஷ்டம் அவளுக்கு.

அடுத்த வகுப்பு சனிக்கிழமை. பையன் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.