95 சென்டிமீட்டருக்கு மேலே

2023 டிசம்பர் 18-ஆம் தேதி காலை எட்டரை மணிக்குக் காயல்பட்டினம் மழைமானி காட்டிய அளவு 95 சென்டிமீட்டர். முந்தைய 24 மணி நேரத்தில் பெய்தது அத்தனையும். எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையே ஏறத்தாழ 65 சென்டிமீட்டர்தான். அன்று திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, கோவில்பட்டியில் 53. தாமிரபரணி கரை மீறியதும், செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஒரு சங்கதி மட்டும் அவ்வளவாகப் பேசப்படவில்லை. அந்த மழையைக் கொண்டுவந்தது புயல் இல்லை. அதற்குப் பெயர் கிடையாது. தாழ்வு மண்டலம் என்ற தகுதிகூட அதற்கு இல்லை. குமரிக்கடல் பக்கம் ஒரு வளிமண்டலச் சுழற்சி, அவ்வளவுதான்.

தண்ணீர் வடிந்து கல்லூரி திறந்த பிறகு, ஏரல் பக்கத்திலிருந்து வரும் பையன் ஒருவன் வகுப்பில் கேட்டான்: “இவ்வளவு தண்ணி மேல எங்க சார் இருந்துச்சு?”

நான் இயற்பியல் வாத்தியார். விடை எனக்குத் தெரியும், ஆனால் அதைக் கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். உடம்பெல்லாம் பிசுபிசுக்கும் நாளில்கூட, நம் தலைக்கு மேல் நிற்கும் காற்றிலுள்ள ஆவி முழுவதையும் பிழிந்தால் ஐந்தாறு சென்டிமீட்டர் தண்ணீர்தான் தேறும். அப்படியானால் காயலுக்கு மேலிருந்த வானம் ஒரே நாளில் பதினைந்து தடவைக்கு மேல் நிரம்பி, பதினைந்து தடவைக்கு மேல் காலியாகியிருக்க வேண்டும். அந்தத் தண்ணீர் மேலே இருந்ததே இல்லை. கடல்மீது தாழ்வாகப் பக்கவாட்டில் ஓடிவந்து, கரைக்கு வந்ததும் மேல்நோக்கித் திரும்பியது. கரும்பலகையில் அம்புக்குறி போட்டுப் பார்த்தேன். பையன்கள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள்.

அதன் பிறகுதான் ஐடிவி என்கிற இன்டகிரேட்டட் டேட்டா வியூவரை ஆய்வகக் கணினிகளில் ஏற்றினேன். அமெரிக்காவில் போல்டர் நகரத்தில் இருக்கும் யூனிடேட்டா, வானிலை படிக்கிற மாணவர்களுக்காகவும் ஆய்வாளர்களுக்காகவும் செய்து இலவசமாகக் கொடுக்கும் மென்பொருள் அது. அதன் பூர்வீகம் விஸ்கான்சின் பல்கலைக்கழகம். 1980களின் இறுதியில் பில் ஹிப்பர்டும் அவருடைய கூட்டாளிகளும் அங்கே விஸ்-5டி என்று ஒன்றை எழுதினார்கள். பெயரிலுள்ள ஐந்து பரிமாணங்கள் என்னவென்றால் நீளம், அகலம், உயரம், நேரம் ஆகிய நான்கோடு, வெப்பம், ஈரம், காற்று என்று எதைப் பார்க்கிறோமோ அது ஐந்தாவது. காற்றை ஒரு கனப்பெட்டியாகத் திரையில் வைத்து, சுட்டெலியால் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். நம் கணினிகளின் நினைவகத்தை அது விழுங்குகிற விழுங்கு வேறு கதை.

பெட்டிக்குள் போடத் தரவு வேண்டுமே. ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈஆர்ஏ5 தொகுப்பு 1940 முதல் இன்றுவரை உலகத்தின் காற்றை மணிக்கு மணி, 37 அழுத்த அடுக்குகளாக வைத்திருக்கிறது. பதிவு செய்துகொண்டால் யாரும் இறக்கிக்கொள்ளலாம். 2023 டிசம்பர் 17-ஐ இறக்கினோம்.

முதலில் ஒரு பொய்யை விளக்க வேண்டியிருந்தது. திரையில் மேகங்கள் தூண்தூணாக எழுகின்றன. உண்மை அளவில் வரைந்தால் அப்படி இருக்காது. ஆயிரம் கிலோமீட்டரை ஒரு மீட்டர் அகல வரைபடத்தில் அடக்கினால், நமக்குத் தெரிந்த மழை, இடி, புயல் எல்லாம் நடக்கிற 16 கிலோமீட்டர் உயரம் அதில் 16 மில்லிமீட்டர்தான். விரல் பருமன். அதை இழுத்து நீட்டாமல் எதையும் பார்க்க முடியாது. நீட்டியிருக்கிறது என்று மறந்துவிட்டால் பார்த்ததெல்லாம் தப்பாகப் போகும். இந்தக் கணக்கைப் போட்டுக்காட்டியபோதுதான் வகுப்பு முதன்முதலாக அமைதியானது.

பிறகு காற்றோட்டக் கோடுகளைப் போட்டோம். சுழற்சியின் மையம் குமரிக்கடலில் இருந்தால், நாம் இருப்பது அதன் வடக்குப் பக்கம். வட அரைக்கோளத்தில் சுழற்சி இடஞ்சுழியாக ஓடும். ஆகவே நமக்குக் காற்று கிழக்கிலிருந்து, கடலிலிருந்து வரும். ஈரத்துக்கு நிறம் கொடுத்துப் பெட்டியைப் பக்கவாட்டில் திருப்பியதும் அடுக்குகள் தெரிந்தன. நனைந்த காற்று அடியிலேயே கூட்டமாக மன்னார் வளைகுடா வழியே கரை ஏறியது. “இது நிக்கவே மாட்டேங்குது சார்,” என்றான் அந்த ஏரல் பையன். ஆமாம், நிற்காததுதான் 95 சென்டிமீட்டர். வேகத்தைவிடப் பிடிவாதம்தான் ஊரை மூழ்கடித்தது. பெயர் வைத்த புயலாக இருந்திருந்தால் ஒருவேளை சீக்கிரம் கடந்துபோயிருக்கும்.

உயரத்தைப் பற்றிய அறிவு எங்கள் கரையில் பழக்கத்தில் இல்லாத ஒன்று. திசை உண்டு. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைத் திசை வைத்துத்தான் அழைக்கிறோம். துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டும் புயல் எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கமாகக் கடக்கும் என்றுதான் சொல்லும். (பதினோராம் எண் கூண்டுக்கு, வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். அதையும் முன்யோசனையாக ஒரு கூண்டாக வைத்தவர் யாரோ, அவர்மேல் எனக்குப் பெரிய மதிப்பு.) ஜூன், ஜூலையில் உப்பளங்களைக் காயவைக்கும் கச்சான் ஏன் இவ்வளவு வறண்டு வருகிறது என்று கேட்டால், மேற்கே மலை மறிக்கிறது என்போம். ஐடிவியில் நம் ஊர் அட்சரேகை நெடுகக் கத்திவைத்து ஒரு குறுக்குவெட்டுப் போட்டால், மலைக்கு அந்தப் பக்கம் காற்று ஏறி ஈரத்தைக் கொட்டுவதும், இந்தப் பக்கம் இறங்கி இறங்கிச் சூடாவதும் ஒரே சித்திரத்தில் வந்துவிடுகிறது. பாடப்புத்தகத்தின் மழைமறைவுப் பிரதேசப் படத்தை இனி நான் வரையப் போவதில்லை.

இதற்கு மேல் போய் விளையாட்டாகவே ஆக்கியவர்களும் உண்டு. பென்சில்வேனியாவில் மில்லர்ஸ்வில் பல்கலைக்கழகத்தார் ஐடிவியின் மேல் ஜியோபாட் என்று ஒன்றைக் கட்டினார்கள். மாணவர் ஒரு கற்பனை ஊர்தியில் ஏறித் தரவுக்குள்ளேயே பறக்கலாம். போகிற இடத்து வெப்பமும் ஈரமும் எதிரே எண்களாக ஓடும். வேண்டிய இடத்தில் அளவுக்கருவி ஒன்றைக் கீழே போட்டால், அது விழுகிற வழியெல்லாம் அளந்து சொல்லும். நிஜத்தில் அதைச் செய்ய விமானம் வேண்டும். பிள்ளைகளை உட்காரவைக்க இதைவிட நல்ல உபாயம் இல்லை.

எனக்கு உறுத்தலாக இருப்பதும் இதே இடம்தான். எங்கே போட்டாலும் எண் வருகிறது. கடலோ மலையோ, அளந்த இடமோ அளக்காத இடமோ, தசமப் புள்ளியோடு வருகிறது. ஈஆர்ஏ5-இன் ஒரு கட்டம் 31 கிலோமீட்டர் அகலம். 95 பெய்த காயல்பட்டினமும் 69 பெய்த திருச்செந்தூரும் அதற்குள் பக்கத்துப் பக்கத்து வீடு. இரண்டையும் பிரித்துச் சொல்ல அந்தத் தரவால் முடியாது. ஆனால் திரை அதை ஒப்புக்கொள்ளாமல் இரண்டுக்கும் நடுவே வழுவழுவென்று நிறம் பூசிக்காட்டும்.

காற்றை உயரம்வரை நேரில் தொட்டு அளப்பது ரேடியோசோண்ட் பலூன். உலகம் முழுவதும் நம் நேரப்படி அதிகாலை ஐந்தரைக்கும் மாலை ஐந்தரைக்கும் என்று வேளை குறித்து விடுகிறார்கள். நமக்குப் பக்கத்தில் எங்கே? திருவனந்தபுரம், நேர்க்கோட்டில் 130 கிலோமீட்டர்போல. நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை. கீழைக்காற்று அங்கே போய்ச் சேரும்போது சரக்கை நம் பக்கம் இறக்கிவிட்டுப் போயிருக்கும். கிழக்குக் கரையோரம் என்றால் காரைக்கால், சுமார் 300 கிலோமீட்டர். கடலுக்கு அப்பால் கொழும்பு. இன்சாட் செயற்கைக்கோள்களிலும் உயரவாரியாக அளக்கும் கருவி உண்டு. ஆனால் அது அகச்சிவப்புக் கண், கனத்த மேகத்தை ஊடுருவாது. அதாவது நமக்கு அவசியமான அன்றைக்குப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்ளும்.

முத்துக்குளித்த ஊருக்கு இது புரியாத விஷயம் இல்லை. பார் என்கிற கடலடித் திட்டில் சிப்பி எவ்வளவு, முத்து எவ்வளவு என்று மேலிருந்து தெரியாது. பத்து இருபது மீட்டர் ஆழத்துக்கு ஆளை இறக்கி, மாதிரிக்குச் சிப்பிகள் எடுத்து, முத்தைத் தேற்றி விலை மதித்து, அதை வைத்துத்தான் குளிப்பு உண்டா இல்லையா என்று அறிவிப்பார்கள். மாதிரி எடுத்த இடத்துக்கும் எடுக்காத இடத்துக்கும் உள்ள பேதம் பணமாகவே தெரியும். பார் முழுக்கச் சிப்பி வந்து, அடுத்த பருவத்துக்குள் அடையாளமில்லாமல் போனதும் உண்டு. 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பே இல்லை. அன்றைக்குப் பார்களின் வரைபடம் போட்டவர்கள், பார்க்காத இடத்தில் வண்ணம் தீட்டிவைக்கவில்லை.

திரேஸ்புரத்தில் நாட்டுப்படகு வைத்திருக்கும் ஒருவர், மாணவி ஒருத்திக்குத் தாய்மாமா, ஆய்வகத்துக்கு வந்து பார்த்தார். கைபேசியில் விண்டி என்ற வானிலைச் செயலியைப் பார்த்துப் பழகியவர். பெட்டியை நான் திருப்பத் திருப்ப அவர் கண் அடித்தட்டை விட்டு நகரவில்லை. “பன்னெண்டு கிலோமீட்டருக்கு மேல என்ன நடந்தா எனக்கென்ன வாத்தியாரய்யா? அது கடலுக்கு எறங்குமா, எறங்காதா, அதச் சொல்லுங்க,” என்றார். முன்கணிப்புக்காரர்கள் மொத்தப் பேரும் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி அது. அவரிடம் அதைச் சொன்னேன். அவருக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை.

இந்தப் பருவத்தேர்வுக்கு ஒரு பயிற்சி வைத்தேன். அந்த டிசம்பர் நாளின் பெட்டியை மேலிருந்து பார்த்த படமாக அச்செடுத்துக் கொடுத்து, இதில் உயரம்வரை உண்மையாகவே பலூன் அளந்த இடங்களைப் புள்ளி வையுங்கள் என்று சொன்னேன். மூன்று புள்ளிகள், நடுவே நிறமேறிய கடல். புன்னைக்காயல் மாணவி நான்காவதாக ஒரு வட்டம் போட்டு, இங்கே ஒன்று வேண்டும் என்று எழுதிவிட்டாள். மதிப்பெண் கொடுப்பதா குறைப்பதா என்று நான் யோசிப்பதற்குள் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. துறைமுகத்து அலைத்தடுப்புச் சுவரில் வைக்கலாம் என்றது ஒரு கட்சி. கப்பல் நிற்கிற இடத்தில் ஹைட்ரஜன் உருளையை யார் விடுவார்கள், வாகைக்குளம் விமான நிலையம்தான் சரி என்றது இன்னொன்று. எதற்கு வீண்சண்டை என்றாள் அந்தப் பெண்: குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோ ராக்கெட் தளம் கட்டுகிறதே, 2024 பிப்ரவரியில் அடிக்கல்லும் நாட்டியாயிற்று, மேல்காற்றை அளக்காமல் ராக்கெட் விட முடியாது, எப்படியும் பலூன் விடத்தான் போகிறார்கள். “அவங்க அளந்தா நமக்கும் தருவாங்களா சார்? ராக்கெட் இல்லாத நாளும் விடுவாங்களா?” கேள்வியைக் கடிதமாக எழுதச் சொல்லியிருக்கிறேன். யார் பெயருக்கு அனுப்புவது என்பதில்தான் இப்போது விவாதம்.