பல் முளைத்த தண்டவாளம்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மேட்டுப்பாளையம்தான். மற்ற பிள்ளைகளைப் பூங்காவுக்கும் மாலுக்கும் கூட்டிப்போகிறார்கள். என் மகளைக் கோவை ஜங்ஷனில் மேட்டுப்பாளையம் பாசஞ்சரில் ஏற்றி ஜன்னலோரம் உட்கார வைத்தால் போதும். அங்கே இறங்கி, மீட்டர்கேஜ் பிளாட்பாரத்தில் நிற்கும் மலை ரயில் பெட்டிகளைச் சுற்றி வந்து, ஷெட் பக்கம் புகை தெரிகிறதா என்று எட்டிப் பார்த்து, ஒரு டீ, ஒரு பஜ்ஜி, அடுத்த வண்டியில் திரும்பல். என் கணவர் இதைப் “போய்ட்டு வர்றதுக்காகவே போறது” என்பார். ஐந்து வயதுக்காரிக்கு ஒரு பயணம் வேறு எதற்காக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. டபிள்யூ.ஏ.பி-7 இன்ஜினுக்கும் டபிள்யூ.ஏ.பி-4 இன்ஜினுக்கும் உள்ள வித்தியாசத்தை அவளிடம்தான் நான் கற்றுக்கொண்டேன்.

மலை ரயிலில் ஏற டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒருவழியாகக் கிடைத்த அன்று என் அப்பாவும் கூட வந்தார். பவானி ஆற்றுப் பாலம், பாக்குத் தோப்புகள், பிறகு கல்லாறு. அதுவரை சாதாரண தண்டவாளம். கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே, கொஞ்சம் உயரமாக, பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் ஆரம்பிக்கின்றன. வண்டியும் வேகம் குறைந்து, கிட்டத்தட்ட நம் ஓட்ட வேகத்துக்கு வந்துவிடுகிறது.

“அப்புச்சி, இந்தப் பல்லு யாரு வெச்சது?”

“வெள்ளைக்காரன் வெச்சது கண்ணு.”

“எந்த வெள்ளைக்காரன்?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் குரங்கைக் காட்டினேன். அன்றைக்கு அது போதுமாக இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்வி எனக்குள் ஒட்டிக்கொண்டது.

பாதிப் பதில் எளிதில் கிடைக்கும். நீலகிரியில் இருப்பது ‘ஆப்ட்’ முறைப் பல்சக்கரப் பாதை. ரோமன் ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளருடையது. இரண்டு பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும். அதனால் இன்ஜினுக்கு அடியில் சுழலும் பல்சக்கரங்களில் ஏதாவது ஒரு பல் எப்போதும் முழுக்கக் கடித்துக்கொண்டிருக்கும்; ஒரு பல்லை விட்டு அடுத்ததைப் பிடிப்பதற்குள் உதறல் வராது. இதை ஆப்ட் முதலில் போட்டது ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப் பகுதியில், 1885-இல்.

ஆனால் நீலகிரிக்கு முதலில் வந்த சுவிஸ்காரர் ஆப்ட் இல்லை. மலைக்கு ரயில் வேண்டும் என்ற பேச்சு 1854-லேயே எழுந்துவிட்டது. 1880 வாக்கில் மோரண்ட் என்ற பொறியாளர் பல்சக்கரப் பாதை யோசனையைச் சொல்ல, 1882-இல் உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து ஒரு கம்பெனியே ஆரம்பித்தார்கள். பெயர், நீலகிரி ரிகி ரயில்வே கம்பெனி. ரிகி என்பது சுவிட்சர்லாந்தில் உள்ள மலை. 1871 மே 21-இல் அங்கே ஐரோப்பாவின் முதல் மலைப் பல்சக்கர ரயிலை ஓடவிட்டவர் நிக்லாஸ் ரிக்கன்பாக். அன்று அவருடைய பிறந்தநாளும்கூட. அவரையே நீலகிரிக்கு வரவழைத்து இடத்தைக் காட்டினார்கள். அவர் போடும் பாதை அச்சு அசல் ஏணி: இரண்டு இரும்புக் கம்பங்களுக்கு நடுவே படி படியாகக் குறுக்குச் சட்டங்கள். பல்சக்கரம் அந்தப் படிகளில் ஏறும்.

கம்பெனி பணம் திரட்ட முடியாமல் போனது. அடுத்த கம்பெனிக்காக 1891-இல் ஆளுநர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டிக் கொடுத்தார். அதுவும் 1894-இல் திவாலானது. பிறகு வந்த புதுக் கம்பெனிதான் 1899 ஜூனில் குன்னூர் வரை ரயிலைக் கொண்டு சேர்த்தது. ஊட்டிக்கு வர 1908 ஆகிவிட்டது. இந்த இழுபறிக்கு நடுவே ரிக்கன்பாக்கின் ஏணி விடைபெற்று, அவரிடம் ஒரு காலத்தில் வேலை பார்த்த ஆப்டின் இரட்டைப் பட்டை உள்ளே வந்துவிட்டது. வாத்தியாரை மாணவன் முந்திய கதை.

ரிகிக்கு முன்னால்? அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் வாஷிங்டன் மலை. சில்வெஸ்டர் மார்ஷ் என்பவர் 1869-இல் அதன் உச்சிக்குப் பல்சக்கர ரயில் விட்டார். அனுமதி கேட்டுப் போனபோது, நிலாவுக்கே போட்டுக்கொள்ளும் என்று சட்டமன்றத்தில் கேலி செய்தார்களாம்.

இந்த இடத்தில் என் தேடல் முடிந்திருக்க வேண்டும். பல்லின் வேலை மலை ஏறுவது; முதலில் ஏறிய மலை கிடைத்துவிட்டது; அதுதான் தொடக்கம். சுற்றுலாக் கையேடுகளும் இத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. மகளுக்காக எடுத்து வந்த, பழைய இன்ஜின்களைப் பற்றிய ஒரு படப் புத்தகம்தான் கணக்கைக் கெடுத்தது. அதில் 1812-ஆம் வருஷத்து இன்ஜின் ஒன்று. உயரமான புகைபோக்கி, கொதிகலன், நான்கு சக்கரங்கள். பக்கவாட்டில், நாலு சக்கரத்தோடும் சேராமல், பெரிய பல்சக்கரம் ஒன்று. மகள் அதைத்தான் விரல் வைத்துக் காட்டினாள். படத்தில் மலையே இல்லை.

இடம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரம். மிடில்டன் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து ஊருக்குள் கரி கொண்டுவரும் பாதை. அதுவரை குதிரைகள் இழுத்துக்கொண்டிருந்தன. நெப்போலியனோடு போர் நடந்த காலம். குதிரைக்கும் விலை ஏறிவிட்டது, தீவனத்துக்கும் ஏறிவிட்டது. சுரங்க மேலாளர் ஜான் பிளென்கின்சாப் நீராவி பக்கம் திரும்பினார்.

அவருக்கு முன்னால் ஒருவர் முயன்று பார்த்திருந்தார். 1804 பிப்ரவரியில் வேல்ஸின் பெனிடாரனில் ரிச்சர்ட் டிரெவிதிக்கின் இன்ஜின் 10 டன் இரும்பையும் 70 ஆட்களையும் இழுத்துக்கொண்டு ஓடியது. சக்கரமும் வழுவழு, பாதையும் வழுவழு, பல் கிடையாது. நன்றாகத்தான் ஓடியது, அடியில் இருந்த வார்ப்பிரும்புப் பாதை உடைந்ததே தவிர. அந்தக் கனத்தைத் தாங்கும் பாதை அன்றைக்கு இல்லை.

பிளென்கின்சாப்பின் சிக்கல் இதுதான். கனமான இன்ஜின் பாதையை உடைக்கும். லேசான இன்ஜினோ பிடிப்பில்லாமல் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றும். அவர் லேசான இன்ஜினைத் தேர்ந்தெடுத்து, பிடிப்புக்குப் பல்லை வைத்தார். தண்டவாளங்களில் ஒன்றின் வெளிப்பக்கத்தில் வரிசையாகப் பற்களை வார்த்து, இன்ஜினின் பல்சக்கரம் அவற்றைப் பிடித்துத் தள்ளிப் போகும்படி 1811-இல் காப்புரிமை வாங்கினார். இன்ஜினைக் கட்டியவர் மேத்யூ முர்ரே. 1812 ஆகஸ்டில் அது வேலைக்கு வந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் ஸ்பெயினின் சலமன்காவில் ஆங்கிலேயத் தளபதி வெலிங்டன் பிரெஞ்சுப் படையை வென்றிருந்தார். இன்ஜினுக்கும் அதே பெயர். வணிக ரீதியாக வெற்றி பெற்ற முதல் நீராவி ரயில் இன்ஜின் என்று வரலாற்றில் இடம்பிடித்திருப்பது இந்த ‘சலமன்கா’தான். அதே மாதிரி இன்ஜின்கள் மிடில்டனில் 20 ஆண்டுகளுக்கு மேல் கரி இழுத்தன.

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். மலை ஏறுவதற்காக ரயிலுக்குப் பல் வைத்தார்கள் என்றுதான் நான் மட்டுமல்ல, அந்த வண்டியில் ஏறுகிற எல்லாரும் நினைத்துக்கொண்டிருப்போம். பிழைப்புக்கென்று ஓடிய முதல் இன்ஜினே பல்லோடு பிறந்திருக்கிறது. காரணம், பாதையை உடைக்காத லேசான இன்ஜினில், வழுவழுப்பான இரும்பு வழுவழுப்பான இரும்பைப் போதிய அளவு பிடிக்கும் என்று அன்றைக்குப் பலருக்கும் முழு நம்பிக்கை வரவில்லை.

எந்த அளவுக்கு நம்பிக்கை இல்லை என்றால், இன்ஜினுக்குக் கால் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வில்லியம் பிரன்டன் என்ற பொறியாளர் 1813-இல் செய்த இன்ஜினுக்குப் பின்னால் இரண்டு இரும்புக் கால்கள். அவை தரையை மாறி மாறி உதைக்க, வண்டி சக்கரத்தில் உருண்டு முன்னே போகும். டெர்பிஷயரில் ஒரு சுண்ணாம்புக்கல் பாதையில் உண்மையாகவே நடந்தது, மனிதன் நடக்கிற வேகத்தில். இதை மகளிடம் சொன்ன நாள் எங்கள் வீட்டில் திருநாள். ஹால் முழுக்கப் பின்னங்காலால் உதைத்துக்கொண்டு ஊர்ந்தாள். 1815-இல் பிரன்டனின் இன்னொரு இன்ஜின் கொதிகலன் வெடித்துப் பலர் இறந்துபோனதை நான் சொல்லவில்லை. அது பத்து வயதுக் கதை.

அதே காலத்தில் வைலம் என்ற சுரங்க ஊரில் வில்லியம் ஹெட்லி சோதனை செய்து பார்க்கலாம் என்று இறங்கினார். ஒரு வண்டியில் ஆட்களை ஏற்றி, கைப்பிடி சுற்றிச் சக்கரத்தை ஓட்டச் சொன்னார். வண்டியின் மேல் கனத்தைக் கூட்டி, பின்னால் கரி வண்டிகளைக் கோத்து, எவ்வளவு பாரம் வரை சக்கரம் வழுக்காமல் இழுக்கிறது என்று பார்த்தார். போதுமான அளவுக்கு இழுத்தது. அவ்வளவுதான் சங்கதி. அதன் பிறகு அவர் செய்த ‘பஃபிங் பில்லி’ இன்றைக்கும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ரயில் இன்ஜின் அதுதான். மெல்ல மெல்லச் சக்கரத்தின் மேல் நம்பிக்கை வந்தது, பாதையும் உறுதியானது, சமவெளியில் பல்லுக்கு வேலை போனது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து மலைக்காரர்கள் அதை மறுபடி கையில் எடுத்தார்கள். அவர்கள் விஷயத்தில் அந்தப் பழைய அவநம்பிக்கை சரி.

எவ்வளவு சரி என்பதை நீலகிரியிலேயே பார்க்கலாம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏற்றம் 12-க்கு 1 வரை போகிறது. 12 அடி நகர்ந்தால் ஓர் அடி உயரம். வெறும் சக்கரத்தை நம்பினால் அங்கே ஆபத்து. குன்னூருக்கு மேலே ஏற்றம் 23-க்கு 1-க்கு மேல் போவதில்லை. அங்கே பல் நின்றுவிடுகிறது. டீசல் இன்ஜின் சாதாரணமாகத் தள்ளிக்கொண்டு போய் ஊட்டியில் விடுகிறது. பெரும்பாலான பயணிகள் குன்னூரில் டீசல் வந்ததும் முகம் சுளிப்பார்கள். என் மகளும்தான். இப்போது எனக்கு அந்த இன்ஜின் மாற்றம்தான் பயணத்திலேயே பிடித்த இடம்: ஹெட்லி சொன்னதை நம்பலாம் என்று மலை அனுமதிக்கிற எல்லை அது.

கீழ்ப்பகுதியில் ஓடும் எக்ஸ் வகை நீராவி இன்ஜின்களிலோ வழுவழுச் சக்கரம், பல்சக்கரம் இரண்டும் ஒன்றாக இருக்கின்றன. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் ஆலையில் செய்து வந்தவை. 2011 முதல் நம் திருச்சி பொன்மலைப் பணிமனையிலும் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு பக்கமும் மேலும் கீழுமாக இரண்டு சிலிண்டர். கீழே உள்ளது சாதாரண சக்கரங்களைச் சுற்றும். கல்லாறு வரை அது மட்டும்தான் உழைக்கும். பல் ஆரம்பித்ததும் கீழ் சிலிண்டரில் வேலை பார்த்து முடித்த நீராவி, வெளியே போகாமல் மேல் சிலிண்டருக்குப் போய், அங்கே பல்சக்கரத்தைச் சுற்றும். நடுவில் கியர் இருப்பதால் மேலே உள்ள தண்டுகள் எதிர்த்திசையில் சுழலும். வளைவில் பின்னால் எட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. “அம்மா, மேல இருக்கறது தப்பாச் சுத்துது” என்று முதலில் கத்தியவளுக்கு அந்தப் பெருமை சேரட்டும்.

ஏறும்போது இன்ஜின் எப்போதும் கடைசியில், பள்ளத்துப் பக்கம் நின்று தள்ளும். கொக்கி அறுந்தாலும் பெட்டிகள் தனியே உருண்டு ஓடிவிடக் கூடாது என்பதற்காக. டிரைவருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேன் கொடி காட்டுவார். அவருக்குப் பின்னால் பெட்டிக்கு ஒருவராக ஆள் உண்டு. சக்கரத்துக்கு ஒரு பிரேக், பல்லுக்கு ஒரு பிரேக் என்று கைப்பிடிகளைப் பிடித்தபடி நிற்பார்கள். மழையிலும் பனியிலும் அதே இடம்தான். மலை ரயிலைப் பற்றிய புத்தகங்களில் ஆளுநர்களுக்கும் கம்பெனிகளுக்கும் கிடைத்த பக்கங்களில் பாதியாவது இவர்களுக்குக் கிடைத்திருக்கலாம்.

இறங்கும்போது இன்ஜின் முன்னால் வந்துவிடும். மொத்த பாரமும் பின்னாலிருந்து அழுத்த, அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். அப்போது சிலிண்டர்களையே பிரேக் ஆக்கிவிடுகிறார்கள்: நீராவிக்குப் பதில் காற்றை உள்ளே இழுத்து, பிஸ்டன் அதை அமுக்க, அந்த எதிர்ப்பில் வேகம் அடங்கும். இந்த முறையைக் கண்டுபிடித்தவர் யார் என்று தேடினால், அதே ரிக்கன்பாக். ஏணி வேண்டாம் என்று விட்ட மலையில் அவருடைய பிரேக் வேலை செய்துகொண்டிருக்கிறது.

இன்னொரு முறை டிக்கெட் கிடைத்தபோது மதிய வண்டியில் இறங்கினோம். ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நின்ற நேரம் மகள் எங்கள் பெட்டியின் பிரேக்ஸ்மேனிடம் போய், லீட்ஸ் சுரங்கத்தை விட்டுவிட்டு, கால் வைத்த இன்ஜின் கதையை மட்டும் உதைத்துக் காட்டிச் சொன்னாள். அவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

“காலு நல்லாத்தான் இருக்குது பாப்பா,” என்றவர், என் பக்கம் திரும்பிக் கேட்டார்: “ஆனா, அதுக்குப் பிரேக்கை எங்கீங்க போடறது?”