கலாசாலைக்கு நிறம் எதற்கு?

"சிவப்பென்றால் எல்லாம் சிவப்புத்தானே!" சென்ற ஆண்டு விளையாட்டு விழாவிற்கு முதல்நாள் யாம் சொன்ன சொல் இது. அதனை இன்று நினைப்பினும் நாணுகிறோம்.

மாணாக்கர் சட்டையில் அணியும் நாடாக்களை வாங்கும் பொறுப்பு எம்மிடம் ஒப்புவிக்கப்பட்டிருந்தது. நம் கலாசாலையின் நிறம் அரக்கு என்பது யாவரும் அறிந்ததே. முதற்கடையில் சரக்குத் தீர்ந்துவிட்டமையால், எஞ்சியதை வேறொரு கடையில் மாலை வேளையில் விளக்கு வெளிச்சத்திற் பார்த்து வாங்கினோம். இரண்டும் ஒன்றென்றே தோன்றின. மறுநாட் காலை வெயிலிற் பார்த்தபொழுதோ, பிந்தி வாங்கியது குங்குமச் சிவப்பாய் விளங்கிற்று. இதனை யார் கவனிக்கப் போகிறார் என்றெண்ணி, கடைசியாக வந்த முதலாண்டு மாணாக்கர்க்கு அதனைப் பகிர்ந்தளித்தோம்.

அன்று போட்டியிட வந்த மற்றொரு கலாசாலையாரின் நிறமும் சிவப்பே. அவர்களுக்குரிய பந்தல் மைதானத்தின் மறுகோடியில் இருந்தது. நம் பந்தல் வாயிலில் நின்ற தொண்டர், குங்கும நாடா அணிந்த ஒரு மாணவனைத் தடுத்து, "தம்பி, உங்கள் இடம் அங்கே" என்று மறுகோடியைச் சுட்டினார். கிராமத்திலிருந்து வந்து சேர்ந்து சின்னாட்களே ஆன அவன் மறுமொழி கூறவில்லை. நாடாவைக் கழற்றிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு, பகல் முழுதும் வேப்பமரத்தடியில் நின்றே விளையாட்டைப் பார்த்தான். மாலையில்தான் யாம் இதனை அறிந்தோம். பிழை தொண்டருடையதன்று, எம்முடையதே.

அதன்பின், கலாசாலைகளுக்கு நிறம் வாய்த்த வரலாற்றைத் தேடிப் படிக்கலானோம். அவற்றுள் அமெரிக்காவிலுள்ள ஹார்வர்ட் சர்வகலாசாலையின் கதை எம் நெஞ்சைத் தொட்டது. 1858-ஆம் ஆண்டு நடந்த படகுப் போட்டியொன்றில், கரையில் நிற்போர் தம் குழுவை இனங்கண்டுகொள்ளும்பொருட்டு, சார்லஸ் எலியட், பெஞ்சமின் கிரவுனின்ஷீல்டு என்னும் இருவர் தம் தோழர்க்குக் கிரிம்சன் என்னும் ஆழ்ந்த சிவப்புத் துணிகளை வழங்கினர். அந்நிறமும் எளிதில் நிலைபெறவில்லை. சிலர் கிரிம்சனையும், சிலர் ஊதாச்சாயல் தோய்ந்த மெஜந்தாவையும் தம் நிறமெனக் கொண்டனர். மாணவர் பத்திரிகைக்கும் 'மெஜந்தா' என்றே பெயர் இருந்தது. விவாதம் முற்றவே, 1875 மே 6-ஆம் நாள் மாணாக்கர் வாக்களித்தனர். கிரிம்சன் பெருவாரியாக வென்றது. பத்திரிகையும் அடுத்த இதழிலேயே தன் பெயரை மாற்றிக்கொண்டது. ஆட்சிக்குழு அந்நிறத்தை முறைப்படி ஏற்றதோ 1910-இல். துணி வழங்கிய எலியட் இதற்கிடையில் 1869 முதல் 1909 வரை அச்சர்வகலாசாலையின் தலைவராக விளங்கி ஓய்வும் பெற்றுவிட்டார். ஒரு நிறம் வேரூன்ற 52 ஆண்டுகள் சென்றன!

இக்காலத்தில் இடர் பெருகியுள்ளது. திரையில் ஒளியாகவும், தாளில் மையாகவும், துணியிற் சாயமாகவும் ஒரே நிறம் மூன்று விதமாய்த் தோன்றக்கூடும். ஆதலின் இன்று ஹார்வர்ட் தன் நிறத்தை எண்ணால் வரையறுத்துள்ளது: திரையில் 255 வரை செல்லும் அளவில் சிவப்பு 165, பச்சை 28, நீலம் 48. கண்ணை மட்டும் நம்பாது எண்ணையும் நம்புகின்றனர். விளக்கொளியில் ஏமாந்த எமக்கு இதன் அருமை நன்கு விளங்கிற்று.

நிறத்தினால் கல்வி உயர்ந்துவிடாது, அது மெய்யே. ஆயினும், "நீ எம்மவன்" என்று வாயாற் சொல்லாமற் சொல்லுவது நிறம். அது ஆளுக்கு ஆள் மாறுமாயின், அச்சொல்லும் பொய்த்துப்போகும்.

இவ்வாண்டும் நாடா வாங்கும் பொறுப்பை யாமே வேண்டிப் பெற்றோம். பழைய அரக்குக் கொடியினின்று ஒரு சாண் துணியை மாதிரியாக எடுத்துக்கொண்டு நண்பகலிற் சென்றோம். துணைக்கு வந்தவன் அம்மாணவனே. கடைக்காரர் எடுத்துப்போட்ட மூன்று சுருள்களையும் அவன் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலிற் பிடித்துப் பார்த்து, "இது இல்லை, அண்ணா, இதுவும் இல்லை" என்று இரண்டைத் தள்ளினான். மூன்றாவதையே வாங்கினோம்.

அவ்வொரு சாண் துணியைக் கலாசாலை அலுவலகத்திற் பேணிவைத்து, இனிக் கொடி தைப்போரும், மலருக்கு அட்டை அச்சிடுவோரும், நாடா வாங்குவோரும் அதனோடு ஒப்பிட்டே செய்யுமாறு விதிக்கவேண்டுமென்று பெரியோரைப் பணிவுடன் வேண்டுகிறோம்.